மூலைக்கு மூலை காத்திருந்தார்கள்

ஒரு முறை தோற்றால் நேரம் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டு முறை தோற்றால் எதிரி கெட்டிக்காரன் என்று பெருந்தன்மையாகப் பேசலாம். கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஆட்டம், அதுவும் ஒரே மாதிரி, மூலை திரும்பியதும் முகத்தில் வாங்கித் தோற்றால், நம்மில் எவனோ காட்டிக்கொடுக்கிறான் என்றுதான் அர்த்தம். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் இந்த முடிவுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு. வந்த பிறகு அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. தன் ஆட்டத்தில் குறை இல்லை என்பதும் அதிலேயே அடக்கம் அல்லவா.

ஆட்டம் என்றால் கம்ப்யூட்டர் ஆட்டம். நாலு மாடி உயரத்துக்கு இரும்பு ராட்சதர்கள், இரண்டு காலில் நடப்பவை, கைக்குப் பதில் பீரங்கி. மெக் என்று பெயர். ஒவ்வொன்றின் தலைக்குள்ளும் ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டவேண்டும். இந்தப் பக்கம் நாலு மெக், அந்தப் பக்கம் நாலு மெக், நடுவில் இடிந்துபோன ஒரு நகரம். அவரவர் வீட்டில் உட்கார்ந்து, ஹெட்போனில் பேசிக்கொண்டே, இணையத்தில் மோதிக்கொள்வார்கள். இவர்கள் அணி இரண்டாம் பிரிவில் இருந்தது. சனிக்கிழமை ஓர் ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் பாக்கி. பழைய வெற்றிகளின் புண்ணியத்தில், இரண்டையும் ஜெயித்தால் இன்னமும் முதல் பிரிவு. பகலெல்லாம் ஒரு கிடங்கில் யார் யாருடைய சரக்கையோ வண்டியால் தூக்கி வைக்கிற டிரைவருக்கு, தான் ஒரு காரியத்தில் முதல் தரம் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை.

அதற்காக அவன் பட்ட பாட்டைச் சொன்னால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வெட்கப்படும். தனியாக ஒரு நோட்டுப் போட்டிருந்தான். அணியில் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் நோட்டில் தனித்தனிப் பக்கம். பல் டாக்டருக்கு ஒரு பக்கம். அவர் எங்கோ ஓர் ஊரில் நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவே ஆட வருபவர், முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். ஆத்திரம் வந்தால் எல்லாப் பீரங்கியையும் ஒரே அழுத்தாக அழுத்திவிடுவார். மெக் சூடேறி, சண்டைக்கு நடுவில் சிலை மாதிரி நின்றுவிடும். எதிரிகள் சாவகாசமாக வந்து பிரித்து மேய்வார்கள். "மூணு சுடுங்க டாக்டர், மூச்சு விடுங்க, அப்புறம் மூணு சுடுங்க," என்று டிரைவர் மூன்று வாரம் சொல்லிச் சொல்லி அவரை வழிக்குக் கொண்டுவந்தான். தங்கைக்கு ஒரு பக்கம். சுட்டதும் உடம்பைத் திருப்பு, எதிரியின் குண்டு நெஞ்சில் விழாமல் தோளில் விழட்டும் என்று அவளுக்குப் பாடம். அவள் ரத்தம் பரிசோதிக்கும் லேபில் டெக்னீஷியன். இதே வீட்டில் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஆடுவதால், அவள் கத்துவது ஹெட்போனில் ஒரு தடவை, சுவர் வழியாக ஒரு தடவை என்று இரட்டையாகக் கேட்கும்.

தனக்கும் அவன் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தான். மற்றவர்களைப் போல விசைப்பலகையைத் தட்டாமல், நெம்புகோல் வைத்த இரண்டு கைப்பிடிகளை வாங்கி, பொத்தான்களை ஃபோர்க்லிஃப்டில் இருக்கிற இடத்திலேயே ஒன்றுவிடாமல் அமைத்துக்கொண்டான். பத்து வருஷம் பழகிய கை, யோசிக்காமல் வேலை செய்யும் என்று கணக்கு. கணக்கு பலித்தது. நூற்றுக்கு நாற்பத்தொன்று என்றிருந்த அவன் குறி ஐம்பத்தெட்டுக்கு ஏறியது. அணியில் வேவு பார்க்கும் மெக் அவனுடையது. இலேசானது, முன்னால் போவது. மூலைகளில் அவன் வளைந்து திரும்புகிற அழகைப் பார்த்து டாக்டரே வாயடைத்துப் போனார். அவர் வாயடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

இப்படி எல்லாரும் தேறியும் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. எந்த வழியாகப் போனாலும், மூலை திரும்பினால், பத்திரிகை வைத்து அழைத்தது போல எதிரிகள் நாலு பேரும் பீரங்கியை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

டாக்டராக இருக்கமுடியாது. அவர் காட்டிக்கொடுத்திருந்தால், காட்டிக்கொடுத்ததையும் இவர்களிடமே சொல்லியிருப்பார். வாயில் ஒன்றும் தங்காது. தங்கை கூடப்பிறந்தவள். பாக்கி ஒருவன்தான்.

செக்கர். அதே கிடங்கில் ரேக் ரேக்காக நடந்து, பெட்டிகளை ஸ்கேனரால் சரிபார்க்கிறவன்.

செவ்வாய்க்கிழமை டிரைவர் பழைய ஆட்டங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தான். மேலிருந்து பார்க்கும் வரைபடம் ஒன்று உண்டு. சத்தம் இருக்காது, நாலு பச்சைப் புள்ளி நகரும், அவ்வளவுதான். முதல் புள்ளி இவன். இரண்டாவது செக்கர். வெகுதூரம் தள்ளித் தங்கையும் டாக்டரும். மூலை வந்ததும் முதல் புள்ளி திரும்புகிறது. இரண்டாவது புள்ளி நிற்கிறது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் அசையாமல் நிற்கிறது. அப்புறம்தான் வருகிறது. ஏழு ஆட்டத்திலும், ஒவ்வொரு மூலையிலும் இதே கதை. அந்தப் பக்கம் எதிரி நிற்கிறான் என்று தெரியாதவன் எதற்காக நிற்கவேண்டும்?

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாவது ரேக் முனையில் டிரைவர் வண்டியை வேகமாகத் திருப்பினான். ஷிஃப்ட் முடியப் பத்து நிமிஷம். முன்னால் அடுக்கியிருந்த பெட்டிகள் கண்ணை மறைத்தன. ஹாரன் அடிக்கவில்லை. அந்தப் பக்கம் செக்கர் குனிந்து கீழ்த்தட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. இன்றைக்கும் அந்தக் காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறான்.

விசாரணையில் செக்கர், "நானும் கவனிக்காம நின்னுட்டேன்" என்று கைப்பட எழுதிக் கொடுத்தான். அந்த ஒரு வரியில் டிரைவரின் வேலை தப்பியது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது செக்கரின் மனைவி, "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் இலேசாக வீட்டுக்கு வந்திருப்பான். படுக்கையில் பொழுது போகட்டும் என்று தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்து, மெக் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இவன்தான். பார்த்தவர்கள், அடிபட்டவனும் அடித்தவனும் இப்படி ஒட்டிக்கொண்டார்களே என்று அதிசயப்பட்டார்கள்.

தப்புச் செய்தவனுக்கு, மன்னித்தவன்மேல் ஒரு சந்தேகம் வரும் பாருங்கள், அதற்கு மருந்தே கிடையாது. ஒரு மனுஷன் ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் எப்படி இருப்பான்? அந்தக் கோபம் எங்கே போயிருக்கும்? இரண்டு வருஷமாக டிரைவரின் வயிற்றில் கிடந்த இந்தக் கேள்விக்கு, நிற்கிற பச்சைப் புள்ளியில் பதில் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை சாப்பாட்டு அறையில் இன்னொரு சாட்சியும் கிடைத்தது. செக்கர் கை கழுவப் போயிருந்தான். மேஜைமேல் கிடந்த அவன் போன் மினுக்கியது. டிரைவர் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. கழுத்து தானாக நீண்டது. அனுப்பியவன் கருநாகம். அது எதிரணித் தலைவன் ஆட்டத்தில் வைத்துக்கொண்ட பெயர், சனிக்கிழமை இவர்களோடு மோதப்போகிறவன். "சனிக்கிழமையும் அதே மாதிரிதானே? காத்திருக்கோம்," என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் ஒரு பொம்மையையும் போட்டிருந்தான். திரும்பி வந்த செக்கர் அதைப் பார்த்தான், டிரைவரைப் பார்த்தான், போனைக் கவிழ்த்து வைத்தான்.

"யாரு?" என்றான் டிரைவர்.

"யாரோ. தேவையில்லாத மெசேஜ்."

டிரைவர் பாதிச் சாப்பாட்டிலேயே டப்பாவை மூடினான்.

வெள்ளிக்கிழமை அவன் வலை விரித்தான். செக்கரைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்குக் கால்வாய் வழியா போறோம். உனக்கு மட்டும்தான் சொல்றேன்," என்றான். வீட்டுக்கு வந்து தங்கையிடம், "நாளைக்கு இடிஞ்ச தொழிற்சாலை வழி. டாக்டருக்கும் சொல்லிட்டேன்," என்றான்.

"செக்கர் அண்ணாவுக்கு?"

அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் சுளித்தாள்.

"சரி, டெஸ்ட் எடுக்கிறேன்னு சொல்றே. ரிசல்ட் எப்படி வந்தா என்ன அர்த்தம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டியா?"

"கால்வாய்ல போய் நின்னாங்கன்னா அவன்தான். நிக்கலன்னா அவன் இல்ல."

"இதை ஞாபகம் வெச்சுக்கோ அண்ணா. எங்க லேப்ல முதல்ல தகராறு வர்றது இங்கதான்."

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. "பிளான் மாறிடுச்சு, தொழிற்சாலை வழியா போறோம்," என்றான் டிரைவர். "சரி," என்றான் செக்கர், வேறொன்றும் கேட்கவில்லை. முதல் மூலை, இரண்டாவது மூலை. மூன்றாவது மூலை திரும்பியதும் நாலு பீரங்கிகளும் தயாராக இருந்தன. டிரைவரின் மெக் தலையில்லாமல் விழுந்தது. டாக்டர் படித்த பாடத்தை எல்லாம் மறந்து மொத்தப் பீரங்கியையும் அழுத்தி, சூடேறிச் சிலையானார். பின்னால் நின்றுவிட்ட செக்கர் மட்டும் இரண்டு பேரைத் தனியாகச் சமாளித்து, ஒருவனை வீழ்த்தி, கடைசியில் விழுந்தான். முதல் பிரிவுக் கனவு அதோடு போயிற்று.

"கால்வாய்ல ஒருத்தரும் இல்லையே அண்ணா," என்றாள் தங்கை, ஹெட்போனிலும் சுவரிலுமாக.

"அதுதான் சந்தேகமே! பிளான் மாறினதும் உடனே தகவல் போயிருக்கு."

"எப்படிப் போச்சு? ரெண்டு கையும் ஆட்டத்துல இருக்கும்போது மூக்கால டைப் அடிச்சாரா?"

ஆனால் சந்தேகம் தலைக்கேறியவனிடம் நியாயம் பேசுவது சுவரோடு பேசுவதுதான். கால்வாயில் நின்றிருந்தால் செக்கர் துரோகி. நிற்காததால் அவன் பலே துரோகி.

"செக்கர், உன்னைத்தான் கேக்குறேன். அந்தக் கருநாகம் உனக்கு எதுக்கு மெசேஜ் போடுறான்?"



"அது வேற விஷயம்," என்றான் செக்கர்.

"என்ன விஷயம்?"

"இங்க வெச்சுச் சொல்ல வேண்டாம்னு பார்க்கிறேன்."

"ஏன் சொல்லமாட்டே? மாட்டிக்குவேன்னுதான? கால்வாய்னு உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன், தெரியுமா? உன்னைச் சோதிக்கத்தான் சொன்னேன்."

"டிரைவர், விடுங்க, விளையாட்டுதானே," என்று டாக்டர் குறுக்கே வந்தார்.

"எத்தனை நாளா யோசிச்சே இதை?" என்று செக்கர் கேட்டான். குரல் மெதுவாக வந்தது.

"செவ்வாய்க்கிழமையிலிருந்து. அஞ்சு நாளா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். நீ மூலைக்கு மூலை நிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? காலுக்குப் பழி வாங்குறே. என்னை நேருக்கு நேர் ரெண்டு வார்த்தை திட்டத் தைரியம் இல்லாம, முதுகுல குத்துறே."

திரையின் ஓரத்தில் ஒரு வரி எழுந்தது. செக்கர் அணியை விட்டு விலகிவிட்டார். பக்கத்து அறையில் தங்கை ஹெட்போனைக் கழற்றி எறிந்த சத்தம் ஒரு தடவைதான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பெற ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆடினார்கள். டிரைவருக்கு ஆடியே ஆகவேண்டும். துரோகி இல்லாத அணி எப்படி ஆடும் என்று ஊருக்குக் காட்டவேண்டும். செக்கர் இடத்துக்கு முன்பின் தெரியாத ஒருவரை விளையாட்டுக் கம்பெனியே அனுப்பியது. செக்கரைப் போலவே அவரும் டிரைவருக்கு நேர் பின்னால் நடந்தார். முதல் மூலை திரும்பினார்கள். இரண்டாவது மூலை திரும்பினார்கள்.

"ஏங்க," என்றார் அந்தப் புது ஆள். "யாருங்க அது, மூலைக்கு மூலை ஹாரன் அடிக்கிறது?"

"என்ன ஹாரன்?" என்று டிரைவர் கேட்டுக்கொண்டே மூன்றாவது மூலையைத் திரும்பினான். நாலு பீரங்கி.

ஆட்டம் முடிந்து கால் மணி நேரம் கழித்துத் தங்கை லேப்டாப்போடு அவன் அறைக்கு வந்தாள். ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை அவன் காதில் மாட்டினாள். ஆட்டத்தை எதிரியின் இடத்திலிருந்து, அவர்கள் காதுக்குக் கேட்ட சத்தத்தோடு போட்டுக் காட்டினாள். இடிந்த சுவர், காலி வீதி, அமைதி. அந்த அமைதியில் எங்கிருந்தோ ஒரு ஹாரன். பாம். சற்று நேரம் கழித்து, இன்னும் கிட்டத்தில், பாம். எதிரிகளின் மெக்குகள் அவசரமே இல்லாமல் சத்தம் வந்த பக்கம் திரும்பி, பீரங்கியை நீட்டி நின்றன. மூன்றாவது பாம். மூலையிலிருந்து டிரைவரின் மெக் கம்பீரமாக வெளியே வந்தது.

"பழைய ஆட்டம் எல்லாத்தையும் பார்த்துட்டேன்," என்றாள் தங்கை. "நாப்பத்திரண்டு மூலை. நாப்பத்திரண்டு ஹாரன். கைப்பிடியைப் பிடிச்சு ஒரு மூலையைத் திருப்பு அண்ணா. உன் இடது கட்டைவிரலைப் பாரு."

அவன் திருப்பினான். கட்டைவிரல் அவனைக் கேட்காமல் போய் ஒரு பொத்தானை அழுத்தியது.

இரண்டாம் பிரிவுக்கு வந்தபோது விளையாட்டுக் கம்பெனி பரிசாகக் கொடுத்த ஹாரன் அது. ஒரு பிரயோஜனமும் இல்லாத அலங்காரம். ஃபோர்க்லிஃப்டில் அந்த இடத்தில் ஹாரன் இருக்கிறதே என்று அதையும் அங்கேயே வைத்திருந்தான். கிட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். தங்கையும் டாக்டரும் எப்போதும் தூரம். அவனுக்கே கேட்கவில்லை. எட்டு மணி நேரம் அதே சத்தத்தில் வேலை செய்கிறவன் காதுக்கு அது சத்தமே இல்லை. ஏழாவது ரேக் முனையில் அடிக்கத் தவறிய ஒரு ஹாரனை இரண்டு வருஷமாக அவன் எல்லா மூலையிலும் அடித்துக்கொண்டிருந்தான். முதல் பிரிவு போனதற்கு ஒரு துளி வருத்தமும் அப்போது அவனுக்கு இல்லை. சனிக்கிழமை பேசிய பேச்சு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. தங்கை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, திட்டாமலே போனாள்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே போய்விட்டான். செக்கர் லாரிகள் வந்து நிற்கும் மேடையோரம் உட்கார்ந்து, ஸ்கேனருக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னோடது," என்றான் டிரைவர். "ஹாரன். நேத்துதான் தெரிஞ்சுது."

"ம்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீ அந்தக் கைப்பிடி வாங்கின ரெண்டாவது வாரமே தெரியும். கருநாகம்தான் சொன்னான். 'உங்க ஆளு ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்றாரு, சிரிச்சு சிரிச்சு முடியல'ன்னான். எல்லாரும் படிக்கிற இடத்துல போட்டுக் கேலி பண்ணிடாதீங்கன்னு கெஞ்சி வெச்சிருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பொத்தானைக் கழட்டிப் போட்டிருப்பேன். முதல் பிரிவுக்குப் போயிருப்போமே."

செக்கர் பேட்டரி மூடியை அழுத்திச் சாத்தினான். "கழட்டினா என்ன ஆகும்? அழுத்தி அழுத்திப் பார்த்து, சத்தம் வரலன்னா உன் விரல் தானா விட்டுடும். தினமும் ரெண்டு மணி நேரம் அங்க மறந்தா, இங்கயும் மறக்கும். நான் இந்த ரேக்குக்கு நடுவுல நடக்கிறவன். எனக்கு முதல் பிரிவு வேண்டாம், நீ ஹாரன் அடிச்சா போதும்."

"அப்ப நீ மூலையில நின்னது?"

"இங்கயும் அப்படித்தான் நிக்கிறேன். எந்த மூலைன்னாலும் மூணு எண்ணிட்டுத்தான் திரும்புவேன். ரெண்டு வருஷமா. நீ பார்த்ததே இல்லையா?"

டிரைவர் பார்த்ததில்லை. ஒரே கிடங்கில், ஒரே ஷிஃப்டில், ஒரு நாள்கூட அவன் செக்கரின் காலைப் பார்க்கத் துணிந்ததில்லை.

"மன்னிச்சுடு. டாக்டர்கிட்டயும் தங்கச்சிகிட்டயும் நானே சொல்லிடுறேன். அடுத்த சீசனுக்கு நீ முன்னாடி போ, நான் பின்னாடி வர்றேன். வந்துடு."

செக்கர் எழுந்து நின்றான். இழுக்கிற காலை ஒரு தடவை நீட்டி மடக்கினான்.

"கால உடைச்சப்ப நீ என்னைப் பார்க்கல," என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "அதனாலதான் அன்னைக்கு அப்படி எழுதிக் கொடுத்தேன். மனசாரத்தான் கொடுத்தேன். இந்தத் தடவை என்னைப் பார்த்துக்கிட்டேதான வண்டிய ஏத்தினே? அஞ்சு நாள் யோசிச்சு?"

டிரைவர் அந்தக் காலைப் பார்த்தான்.

"வேலையைப் பார்ப்போம்," என்று செக்கர் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு, முதல் ரேக்கிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினான்.